கூலாயிலிருந்து ஸ்கூடாய் வரை

உயர்கல்வி குறித்து மலேசியத் தமிழரிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிகிறது. ஆண்டுதோறும், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளியானதும், மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் எத்தனை இந்திய மாணவர்களுக்கு இடம் கிடைத்தது, பொதுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எத்தனை பேர் தேர்வாயினர், சிறந்த தேர்ச்சி இருந்தும் விடுபட்டவர் எத்தனை பேர் என்ற கேள்விகள் நாளிதழ்களையும் அரசியல் மேடைகளையும் நிறைக்கின்றன. விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்த வீடுகளின் வேதனை உண்மையானது. ஆகவே அந்தக் கேள்விகளைச் சிறியவை என்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், இடம் கிடைத்த மாணவர் வளாகத்துக்குள் நுழைந்த பின் அவருக்கு என்ன நேர்கிறது, அந்தக் கட்டடங்களையும் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் தம்முடையவை என்று அவர் எப்போதாவது உணர்கிறாரா, உணரவில்லையென்றால் அதற்குப் பொறுப்பு யாருடையது என்பது அதே அளவு கவலையோடு கேட்கப்படுவதில்லை.

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரம் இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்கு மிகவும் பொருத்தமான இடம். ரப்பராலும் பின்னர் செம்பனையாலும் உருவான தோட்டங்கள், கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலத்தின்போது சீனர்கள் வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமம், தாயிப் அண்டாக் போன்ற பெல்டா நிலக்குடியேற்றங்கள், தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் வந்து சேர்ந்த தாமான்கள், செனாய் விமான நிலையத்தைச் சுற்றி எழுந்த தொழிற்சாலைகள், அண்மை ஆண்டுகளில் செடெனாக்கில் வரிசையாக வந்துகொண்டிருக்கும் தரவு மையங்கள் என்று மலேசியாவின் நூறாண்டுப் பொருளாதார வரலாறு முழுவதும் ஒரே வட்டாரத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கூலாய்க்குத் தெற்கே, சாலை வழியாக ஏறத்தாழ அரை மணி நேரத் தொலைவில், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெருவளாகம் இருக்கிறது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975-இல் இன்றைய பெயரிலும் அமைந்த அந்நிறுவனம், எண்பதுகளின் நடுவில் ஸ்கூடாய்க்கு வந்து சேர்ந்தது. அதே ஸ்கூடாயில் சீனச் சமூகத்தின் நன்கொடையால் 1990-இல் தொடங்கப்பட்டு 2012-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்த தென் பல்கலைக்கழகக் கல்லூரியும் இருக்கிறது. அருகிலேயே இத்தனை இருந்தும், தோட்டத்து வேர் கொண்ட ஒரு கூலாய்க் குடும்பத்துக்குப் பல்கலைக்கழகம் என்பது கடல் கடந்த சிங்கப்பூர்த் தொழிற்சாலையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் சாலையின் நீளம் அன்று. சிங்கப்பூர் வேலைக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் இருக்கிறார்கள். எந்த முகவரிடம் போவது, எந்தப் பேருந்தில் ஏறுவது, முதல் மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லித் தர அண்டைவீட்டு அண்ணன் ஒருவர் எப்போதும் உண்டு. பல்கலைக்கழகத்தைப் பற்றி அவ்வாறு சொல்லித் தர ஆள் இல்லை.

குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்குச் செல்லும் மாணவரைக் கல்வியாளர்கள் முதல் தலைமுறை மாணவர் என்பர். தமிழ்ப்பள்ளியில் படித்த முதல் தலைமுறை மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தை அடையும் முன் கடக்க வேண்டிய வாசல்களை எண்ணிப் பார்த்தால், அவர் மீண்டும் மீண்டும் புதியவராக்கப்படுகிறார் என்பது விளங்கும். ஆறாண்டுகள் தமிழில் கற்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. மலாயில் போதிய தேர்ச்சி பெறாதோர் முதலாம் படிவத்துக்கு முன்னர் ஓராண்டு புதுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருந்ததால், தம் வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு பின்தங்கிய நிலையிலேயே பலர் இடைநிலைக் கல்வியைத் தொடங்கினர். எஸ்.பி.எம். முடிந்ததும் பாதை பிரிகிறது: கல்வி அமைச்சு நடத்தும் ஓராண்டு மெட்ரிகுலேஷன், ஒன்றரை ஆண்டு நீளும் ஆறாம் படிவமும் அதன் முடிவில் எஸ்.டி.பி.எம். தேர்வும், பாலிடெக்னிக், கடன் வாங்கிச் சேரும் தனியார் கல்லூரி எனப் பல வழிகள். எந்த வழி எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை விண்ணப்பம் போடும் முன்பே அறிந்திருக்கும் வீடுகளும், முடிவு வந்த பின்னரே அறிந்துகொள்ளும் வீடுகளும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. கடைசியாகப் பல்கலைக்கழகத்துக்குள் சென்றால், பாடநூலும் ஆய்வுக்கட்டுரையும் ஆங்கிலத்தில் வந்து நிற்கின்றன. மூன்று மொழிகளைச் சுமந்து அங்கு வந்து சேர்வது பெரும் திறமை. ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு கணத்தில் அந்தத் திறமை குறைபாடாகப் பதிவாகிவிடுகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அவருடைய தோழர் ழான்-க்ளோத் பாஸ்ரோனும் 1964-இல் வெளியிட்ட நூலொன்றில், பல்கலைக்கழகம் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லிக்கொண்டே சிலருக்கு மட்டும் பிறந்த வீடுபோல் அமைந்திருப்பதை ஆராய்ந்தனர். வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்கள், பெரியோரிடம் தயங்காமல் வாதிடும் பழக்கம், எந்தக் கேள்வியை யாரிடம் எப்போது கேட்கலாம் என்ற உணர்வு ஆகியவை பணத்தைப் போலவே குடும்பத்திலிருந்து பிள்ளைக்குக் கைமாறுகின்றன என்றும், கல்வி நிறுவனங்கள் இந்தச் சொத்தை இயல்பான அறிவுத்திறன் என்று தவறாக எடைபோடுகின்றன என்றும் பூர்தியூ காட்டினார். இந்தச் சொத்தையே பண்பாட்டு மூலதனம் என்ற பெயரால் குறிப்பர். விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்கலாம் என்பது ஒரு மாணவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. தோட்டப்புறத்தில் கிராணியின் முன்னும் மேலாளரின் முன்னும் அடங்கி நிற்கப் பழகிய தாத்தாவின் பேரனுக்கோ பேத்திக்கோ அந்தக் கதவு திறந்தே இருந்தாலும் மூடியதாகத்தான் தெரியும். கேட்காத மாணவரை ஆர்வமற்றவர் என்று முடிவு கட்டும் ஆசிரியர் தீய எண்ணத்தோடு அவ்வாறு செய்வதில்லை; அதனாலேயே அந்த முடிவைத் திருத்துவது கடினமாகிறது.

நாட்டின் உயர்கல்விக் கொள்கை வரலாறு முழுவதும் நுழைவைச் சுற்றியே சுழன்றிருக்கிறது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், வறுமையை ஒழிப்பதும் இனத்துக்கும் தொழிலுக்கும் இருந்த பிணைப்பை உடைப்பதும் நோக்கமெனப் புதிய பொருளாதாரக் கொள்கை வகுக்கப்பட்டது. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, உயர்கல்வி நிலையங்களில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் இடம் ஒதுக்கும் அதிகாரம் அதில் சேர்ந்தது. 2002-இல் பல்கலைக்கழக நுழைவுக்கு ஒதுக்கீட்டு முறை நீக்கப்பட்டுத் தகுதிமுறை அறிவிக்கப்பட்டபோதும், மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்ற இருவேறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் சிக்கல் தீரவில்லை. 2003-இல் மெட்ரிகுலேஷனின் 10 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதோருக்குத் திறக்கப்பட்டன, 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய மாணவர்களுக்கு 2,200 இடங்கள் என்ற எண் பெரும் வாக்குறுதியாயிற்று, 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டும் 90-க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை, 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். கடைசி அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் பத்து ஏ எடுக்கும் பிள்ளை ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட பிள்ளை. பகுதிநேர வேலையோடு ஆறு ஏ எடுத்த கூலாய்ப் பிள்ளையின் வழியில் அந்த அறிவிப்பு எதையும் மாற்றவில்லை.

இந்த நீண்ட வழக்கில் கவனிக்கப்படாமல் போன ஒன்று உண்டு. பெல்டா குடியேற்றத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்த மலாய்த் தந்தையின் மகளும், அதே கூலாயின் தனியார்த் தோட்டத்தில் குலை அறுத்த தமிழ்த் தந்தையின் மகளும் ஸ்கூடாய் வளாகத்தின் அதே விரிவுரை மண்டபத்தில் அதே தயக்கத்தோடு பின்வரிசையில் அமரக்கூடியவர்கள். ஒருத்திக்குக் கிடைத்த இடம் சட்டத்தால் காக்கப்பட்டது, மற்றவளுக்குக் கிடைத்தது போராடிப் பெற்றது என்பது பெரிய வேறுபாடு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் உள்ளே வந்த பின் இருவருக்கும் வேண்டியது ஏறத்தாழ ஒன்றே. எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு அவ்விருவரையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்துகிறது. உரிமையுணர்வைப் பற்றிய பேச்சு அவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கும். தன் இருப்புக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்ற நம்பிக்கையும், தான் இல்லாவிட்டால் அந்த இடம் ஏதோ ஒன்றை இழக்கும் என்ற எண்ணமும் சேர்ந்த நிலையே இங்கு உரிமையுணர்வு எனப்படுகிறது. பல்கலைக்கழகங்கள் முதல் பாதியைத் தர ஓரளவு முயல்கின்றன. இரண்டாம் பாதியைப் பற்றி அவை சிந்திப்பதே அரிது.

மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதேன் என்று ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ, 1975-இல் முன்வைத்து 1987-இல் நூலாக விரித்த கோட்பாட்டில், மாணவர் பாடத்தளத்திலும் நட்புத்தளத்திலும் நிறுவனத்தோடு ஒன்றிப்போவதையே நிலைத்திருப்பதற்கான அடிப்படை என்றார். மானுடவியலாளர் வான் கென்னெப் சடங்குகளில் கண்ட மூன்று கட்டங்களை, அதாவது பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலை, புதிய சமூகத்தில் சேர்தல் என்பனவற்றை, அவர் கல்லூரி வாழ்வுக்குப் பொருத்திக் காட்டினார். 1992-இல் வில்லியம் டியர்னி இதை வன்மையாக மறுத்தார். சடங்கு என்பது ஒருவர் தம் சொந்தப் பண்பாட்டுக்குள் வளர்வதைக் குறிப்பது. அமெரிக்கப் பூர்வகுடி மாணவரை வேறொரு பண்பாட்டின் நிறுவனத்துக்குள் கொண்டுவந்து, ஒன்றிப்போகாததை அவருடைய தோல்வி என்று எண்ணுவது அநியாயம் என்பது அவருடைய வாதம். கூலாயை மனத்தில் வைத்துப் பார்த்தால் டியர்னியின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மாலையானதும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பேருந்து ஏறும் மாணவியை விடுதிக் கணக்கு ஒட்டாதவள் என்று குறிக்கும். அவள் வீட்டுக்குப் போவதோ தங்கையின் பாடத்தைப் பார்க்கவும், அம்மாவின் மருத்துவமனைத் தாள்களைப் படித்துச் சொல்லவும், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நிற்கவும். அந்தப் பிணைப்பே அவளைப் படிக்கவைக்கும் வலிமை. அதைத் துறந்தால்தான் பல்கலைக்கழகம் அவளை ஏற்கும் என்றால், கேட்கப்படும் விலை மிக அதிகம்.

புதியவரை அன்போடு வரவேற்பது போதும் என்ற எண்ணத்தில் ஒரு குறை உள்ளது. எவ்வளவு அன்போடு வரவேற்றாலும் விருந்தினர் விருந்தினரே. அடுக்களைக்குள் சென்று தாமே தேநீர் கலக்கும் நாளில்தான் அவர் வீட்டு மனிதராகிறார். பல்கலைக்கழகம் என்ற வீட்டில் தம் கையால் ஒன்றைச் செய்து வைத்தவருக்குத்தான் அது சொந்தமாகிறது என்பதற்கு மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே வலுவான சான்று இருக்கிறது.

ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதில் படித்த இந்திய மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப்பள்ளி வழி வந்த நகர்ப்புற நடுத்தரக் குடும்பத்தினர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு அங்கே வழியே இல்லை. ஐம்பதுகளின் நடுவில் அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கே முதன்மை தர வேண்டும் என்ற கருத்தும் வலுப்பெற்றிருந்தது. மலாயா, சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மையோரின் மொழியான தமிழுக்கே அந்த இடம் உரியது என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். வேண்டுகோளோடும் தலையங்கத்தோடும் அவர் நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க வழிசெய்தார். அந்த நிதிக்குத் தொழிலாளர்களும் சிறுவணிகர்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அளித்தனர். 1956-இல் துறை அமைந்தது; தமிழ் அங்கே இடம்பெற்றது; பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது.

இந்நிகழ்ச்சியைத் தமிழ்மொழிப் பற்றின் வெற்றியாகவே பலரும் நினைவுகூர்கின்றனர். அதைவிட ஆழமான ஒன்று அதில் இருக்கிறது. பணம் கொடுத்தவர்களில் மிகப் பலர் அந்த நூலகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. தம் பிள்ளைகள் மிதிப்பார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு அன்று இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர்கள் சலுகை கேட்டு நிற்கவில்லை, கொடுத்துவிட்டு உரிமை கோரினர். கொடுத்தவரின் பேரப்பிள்ளை பிற்காலத்தில் அந்த நூலகத்தில் ஒரு தமிழ்நூலை எடுத்துப் புரட்டும்போது, அது தம்மவர் வாங்கி வைத்தது என்று தெரிந்திருந்தால், அவருக்கும் அந்த அறைக்குமான உறவே வேறாகிவிடும். தெரியவைப்பதற்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது வேதனையோடு கேட்க வேண்டிய கேள்வி.

1961-இல் அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகள் இதே வழியில் இன்னும் தொலைவு சென்றார். யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த அவர், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடத்திக்காட்டினார். தமிழர்கள் கூலிகளாக மட்டுமே அறியப்பட்ட ஒரு நாட்டில், பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்த வந்தது, அந்த வளாகத்துத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரின் தோளையும் நிமிர்த்தியிருக்க வேண்டும். தம் மொழியும் வாழ்வும் ஆராயத் தக்க பொருள் என்று தாம் படிக்கும் இடமே ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய வரவேற்பு இல்லை.

1982-இல், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வேறொரு திசையிலிருந்து இதே உண்மையைத் தொட்டது. வசதியற்ற இந்திய மாணவர்களுக்கு நாடெங்கும் குறைந்த கட்டணத்தில் வார இறுதி வகுப்புகள் நடத்தி, ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் அழைத்துச் செல்லும் அவ்வியக்கத்தின் சிறப்பாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, அதில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றோரின் தொகை. அதற்கு இணையாகச் சொல்ல வேண்டியது, அங்கே பாடம் நடத்தியவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்களும் புதுப் பட்டதாரிகளும் என்பது. வளாகத்தில் பின்வரிசையில் பேசாமல் இருந்த மாணவர் சனிக்கிழமை ஒரு கரும்பலகை முன் நிற்கும்போது பல்கலைக்கழகத்தின் முகமாகவே ஆகிவிடுகிறார். எதிரே அமர்ந்த நாலாம் படிவப் பிள்ளைக்கு, முன்பு சொன்ன அண்டைவீட்டு அண்ணன் கிடைத்துவிடுகிறார். கற்பிக்கும் மாணவருக்கும் தாம் யார் என்ற ஐயம் குறைகிறது.

இதை உணர்ச்சிவயமான நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாதபடி, உளவியல் ஆய்வொன்றும் துணைநிற்கிறது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் முதலாண்டு மாணவர் சிலருக்கு, தொடக்கத்தில் தனிமையும் ஐயமும் எல்லோருக்கும் வருவன, நாளடைவில் தீர்வன என்று மூத்த மாணவர்கள் கூறிய அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தனர். பிறகு அதே கருத்தைத் தம் அனுபவத்தோடு இணைத்துக் கட்டுரையாக எழுதி, அடுத்த ஆண்டு வரவிருக்கும் மாணவர்களுக்கு உதவும் வகையில் ஒளிப்பதிவுக்காகப் பேசச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடித்த இப்பயிற்சிக்குப் பின், மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. இந்த ஆய்வை எடுத்தாள்வோர் ஆறுதல் செய்தியை மட்டும் நினைவில் கொள்கின்றனர். அம்மாணவர்களுக்கு உதவி பெறுவோர் என்ற முத்திரை குத்தாமல் உதவுவோர் என்ற பொறுப்பைக் கொடுத்ததுதான் அதில் கற்க வேண்டிய பகுதி.

சமூகமே தனக்கெனக் கல்விக்கூடம் கட்டிக்கொள்வது மற்றொரு வழி. சீனச் சமூகம் ஸ்கூடாயில் செய்ததும், ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரசின் கல்வி அறவாரியம் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை எழுப்பியதும் மதிக்கத்தக்க முயற்சிகள். பல நூறு மருத்துவர்கள் அவ்வழியில் உருவாயினர். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பொதுப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற கோரிக்கையை அந்த வெற்றிகள் மழுங்கவிடக் கூடாது.

ஆகவே ஸ்கூடாய் போன்ற வளாகம் ஒன்று செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. விரிவுரையாளரின் அறைக்கு வரலாம், எப்போது வரலாம், என்ன கேட்கலாம் என்பதை முதல் வாரத்திலேயே வெளிப்படையாகச் சொல்வது. விடுதி அறைகளை ஒரே இனத்தவருக்குள் அடைக்காமல், அதேவேளை புதிய மாணவரை முற்றிலும் தனியாகவும் விடாமல் பகிர்வது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தேர்வு வைக்காதிருப்பது. கல்விக்கடன் வந்து சேர்வதற்கு முன் கையில் காசில்லாமல் கழியும் தொடக்க வாரங்களுக்குச் சிறு முன்பணம் தருவது என இவை எல்லாம் நிர்வாக ஒழுங்கில் அடங்குவன. ஆயினும் இவை வரவேற்பின் பகுதிகளே.

பங்கு கொடுப்பது அதற்கு மேற்பட்டது. மலேசிய உயர்கல்வித்துறை சமூகச் சேவையோடு பாடத்தை இணைக்கும் ‘சூலாம்’ என்ற கற்றல் முறையை ஏற்கெனவே ஊக்குவித்து வருவதால், கூலாயின் நாலாம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கணிதமும் இயற்பியலும் நடத்தும் மாணவருக்குப் பாடப்புள்ளி வழங்குவதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை; மலாய், சீன, தமிழ், ஒராங் அஸ்லி மாணவர்கள் ஒரே குழுவாகப் பெல்டா குடியேற்றத்துக்கும் தோட்டப்புறத்துக்கும் செல்லலாம். கட்டடவியல் மாணவர் தாம் வளர்ந்த தாமானில் மழைக்கு நிரம்பும் வடிகாலையும், சுற்றுச்சூழல் மாணவர் செடெனாக் தரவு மையங்களுக்குத் தேவைப்படும் தண்ணீரையும் மின்சாரத்தையும், திட்டமிடல் படிப்பவர் தோட்டங்கள் வீட்டுமனைகளான வரலாற்றையும் இறுதியாண்டு ஆய்வாக எடுக்கலாம். அப்போது லயத்து வீட்டின் அளவும், பால்மரக் காட்டின் எல்லையும், இடம்பெயர்ந்த கோயில்களின் பெயர்களும் அறிந்த தாத்தா பாட்டிகள் அந்த ஆய்வின் தகவலாளர்களாகப் பல்கலைக்கழக ஏட்டில் இடம்பெறுவார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, பதிவேடுகள் சிதறி, அந்தத் தலைமுறையும் வேகமாக மறைந்துவருகிறது. எழுதி வைப்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. எழுதும் பயிற்சி பெற்ற பிள்ளைகள் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள்.